செலஸ்தீனாவின் வாய்க்காற்று

பம்புசெட் தெருவில் கடல்காற்று வீசத் தொடங்கியது ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், பல் டாக்டர் மெஹருன்னிசா வந்து, படுக்கையில் கிடந்த செலஸ்தீனாவின் வாயிலிருந்து மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி எடுத்த அந்த நேரத்தில். எங்கள் தெரு கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டை ஒட்டிக் கிடக்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களும் கடலைமிட்டாய் போடுகிறவர்களும் லாரி ஓட்டி ஓய்ந்தவர்களும் குடியிருக்கிற தெரு. எங்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்கு மட்டும்தான். ஆனாலும் அந்தக் காற்று வந்தபோது அது என்ன காற்று என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் வீட்டில் வேர்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, உதட்டை நக்கிப் பார்த்து, உப்புக் கரிக்கிறதே என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

செலஸ்தீனா எங்கள் ஊர்க்காரி இல்லை. சிறுதாழை என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். அங்கே உப்பு ஏற்றப் போன லாரிக்காரர் பால்வண்ணனோடு, யாரிடமும் சொல்லாமல், உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து எங்கள் தெருவுக்கு வந்தவள். விஷயம் தெரிந்து சாலைக்கு ஓடிவந்து லாரியை மறித்த அவளுடைய அப்பா, இனி இந்தக் கடற்கரையில் உன் காலடி விழக்கூடாது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார் என்றும், அண்ணன் தொம்மை எதுவும் பேசாமல் லாரி டயரை ஓங்கி ஓர் உதை உதைத்தான் என்றும், அந்த உதையின் அதிர்வு கோவில்பட்டி வரைக்கும் வண்டிக்குள் இருந்தது என்றும் பால்வண்ணன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிள்ளை இல்லை. அவள் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். அதனால் எங்கள் தெருவில் கல்யாணமாகிப் போன பெண்கள் எல்லாருடைய முதுகிலும் அவள் பல் பட்ட நூல் இருந்தது. பேச்சென்றால் பேச்சு, சிரிப்பென்றால் சிரிப்பு. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து கடல் என்ற சொல்லை நாங்கள் கேட்டதில்லை. மீன்காரர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மீன் வாடை அவளுக்கு ஆகாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோனபோது பேச்சும் கூடவே போய்விட்டது. பால்வண்ணன் அவளை ஒரு பூச்சட்டியைப்போல் வைத்துக்கொண்டார். குளிப்பாட்டினார், தலைவாரிப் பின்னினார், முதுகில் புண் வந்துவிடக்கூடாது என்று புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார், கஞ்சியைக் கரைத்து வடிகட்டிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். வாய் மட்டும் அவர் நினைப்பில் வரவில்லை. கஞ்சி குடிக்கிற வாய்க்கு என்ன பல்தேய்ப்பு என்றுதான் நாங்களும் நினைத்திருப்போம். நாள் போகப் போக அவள் வாயைத் திறக்க மறுத்தாள். கரண்டி கிட்டே வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டில் ஒரு வாடை வந்தது. பார்க்கப் போனவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நிலைப்படியில் நின்று, நல்லாருக்கீகளா மதினி என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தன் வாடை தனக்கே தெரிகிறவளாக, கண்ணால் மட்டும் அவர்களைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுச் சீனியம்மாள்தான் அதைச் சொன்னாள். செலஸ்தீனாவிடம் தையல் பழகப் போய், தையல் வராமல், சிநேகம் மட்டும் பழகி வந்தவள் அவள்.

"அண்ணாச்சி, மதினி சோத்த வெறுக்கல. வாயி வலிக்கி அவுகளுக்கு. பல்லு டாக்டரக் கூப்பிடுங்க."

"படுத்துக் கெடக்கிறவளுக்குப் பல்லு டாக்டரா? ஊருல சிரிக்கப் போறாக."

"சிரிக்கிறதுக்கும் பல்லு வேணும்லா? கூப்பிடுங்க."

மெஹருன்னிசா டாக்டர் பையோடு வந்தார். கட்டிலில் அவளைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடையில் மெதுவாகத் தடவிக்கொடுத்துக் காத்திருந்தார். அவசரப்படவில்லை. வெகுநேரம் கழித்து உதடு பிரிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு வெடித்த வயல்மாதிரி காய்ந்து, அதன்மேல் தயிர் தெறித்ததைப்போல வெள்ளை படிந்திருந்தது.

"இந்தப் பல்செட்ட கடைசியா எப்பங்கய்யா கழட்டினீங்க?"

"கழட்டணுமா?" என்றார் பால்வண்ணன்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. ஈரப்பஞ்சால் ஓரமெல்லாம் நனைத்து, விரலால் நெம்பி, ஈறோடு ஒட்டிப்போயிருந்த அந்தப் பல்செட்டைக் கழற்றி எடுத்தார். காற்று வந்தது. முதலில் கட்டில் விரிப்பின் ஓரம் அசைந்தது. அப்புறம் காலண்டர் தாள்கள் படபடத்தன. டாக்டர் தலையில் போட்டிருந்த துணி பின்னால் பறந்தது. குளிர்ச்சியும் ஈரமுமாய், பாசியும் சிப்பியும் தார் பூசிய மரமும் கலந்த வாசனையோடு, ஒரு முழுக் கடற்கரையின் சாயங்காலம் அந்த வாயிலிருந்து புறப்பட்டு, அறையைச் சுற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. டாக்டர் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"பஞ்சு எடுங்க. நாக்கு இன்னும் சுத்தமாகல."

வேலையை முடித்துக் கை கழுவியபோது பால்வண்ணன் கேட்டார், இது என்ன வியாதி டாக்டரம்மா என்று.

"காத்துக்கு எங்க படிப்புல பேர் கிடையாதுங்கய்யா. நாக்குல இருக்கிற வெள்ளைக்குப் பேர் இருக்கு, மருந்தும் இருக்கு. அத மொதல்ல பாப்போம்."

பிறகு அவர் சொல்லித் தந்ததை நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். படுக்க வைத்தபடி வாயைத் தொடக்கூடாது, நிமிர்த்திச் சாய்த்து, முகத்தை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மிருதுவான பிரஷ், அதில் கடலை அளவுக்கும் குறைவாய்ப் பேஸ்ட். பல்லுக்கு நடுவே விரலை விடக்கூடாது, அவள் கடித்துவிடுவாள், அவள் குற்றம் இல்லை அது. ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு கன்னத்துக்குள் பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்செட்டைக் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் அவளைத் தூங்க விட வேண்டும். உதட்டில் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். பால்வண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். லாரி ஓட்டுகிறவன் மலைப்பாதையைக் கேட்டுக்கொள்கிற கவனம் அவர் முகத்தில் இருந்தது.

வாய் சுத்தமாக இருந்த மட்டும் காற்று நன்றாக வந்தது. இரண்டு வேளை விட்டுப்போனால் அதே காற்று, நீர் வற்றிய கழிமுகம்மாதிரி கனத்து நாறியது. அதனால் அவள் பல்தேய்ப்பு அவள் வீட்டுக் காரியமாக மட்டும் இருக்கவில்லை. யாரை யார் எதிரில் பார்த்தாலும், மதினிக்கு வாய் கழுவியாச்சா என்று கேட்பது எங்களுக்கு வழக்கமாயிற்று. கத்திரி வெயிலில் ஊரே கொதித்துக் கிடந்தபோது எங்கள் தெருவில் சாயங்காலமானால் பெஞ்சுகளையும் கட்டில்களையும் அவள் ஜன்னலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தோம். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். மூச்சிரைப்பு இருந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் கம்பியில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. அதைச் சுரண்டி ரசத்தில் போட்டுப் பார்த்த சீனியம்மாள், கடை உப்பைவிட ருசி கூட என்று சொன்னாள். சைக்கிள்கள் துருப்பிடித்தன. கடலைமிட்டாய் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டியது. எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பறவை வந்து தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து, எங்களைப் பார்த்து ஏமாந்து, திரும்பிப் போயிற்று.

தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த அழகர்சாமிக்குத்தான் கஷ்டம். அவர் ஒரு நாள் நமத்துப்போன குச்சிகளை வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுக் காத்து நல்ல காத்துதான், நான் இல்லைங்கல. என் ஆத்தாவே அதுலதான் உக்காந்திருக்கா. ஆனா மருந்துல முக்குன குச்சி காய மாட்டேங்குதே. பத்துக் குச்சி கிழிச்சா ஒண்ணு பத்துது."

"மதினி வாயச் சாத்தச் சொல்லுதீகளா?" என்று சீனியம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"அப்படிச் சொல்லுவேனா? நேரத்த மாத்துங்கன்னுதான் சொல்லுதேன்."

காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பல்தேய்ப்பது, சாயங்காலம் அவர் காயவைத்த குச்சிகளை உள்ளே எடுத்து வைத்த பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துத் தேய்ப்பது என்று முடிவாயிற்று. குச்சியை எடுத்தாச்சு என்று ஆபீஸ் வாசலிலிருந்து ஆள் குரல் கொடுத்ததும், பால்வண்ணன் பிரஷை நனைப்பார்.

தங்கள் வீட்டிலும் ஏதாவது காற்று வராதா என்ற ஆசையில் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்த எல்லாருடைய வாயையும் அவரவர் வீட்டில் கழுவத் தொடங்கினார்கள். ஒரு காற்றும் வரவில்லை. ஆனால் மாட்டுத் தரகு பார்த்த வெள்ளைச்சாமி, பேச்சே மறந்துபோனார் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தவர், மருமகள் வாயைச் சுத்தம் பண்ணத் தொடங்கிய அடுத்த வாரம், கருப்பட்டிக் காப்பி கொண்டா என்று அதட்டினார். மருமகள் டம்ளரைக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து நின்று அழுதாள். "இம்புட்டு நாளும் வாய்க்குள்ள ஒரு மனுசன் இருந்திருக்காரு. நாந்தான் கதவத் தட்டல," என்றாள்.

எல்லோருக்கும் காற்று இனித்தது. பால்வண்ணனுக்கு மட்டும் அது கசக்க ஆரம்பித்தது. முதலில் அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். அவள் மறுபடியும் வாய் திறக்கிறாள், கஞ்சிக்கு மேல் குழைந்த சோறு தின்கிறாள், கன்னம் பூரித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ஆனால் தினமும் அவள் முகத்துக்கு மிக அருகில், அந்தக் காற்று கிளம்பும் இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறவர் அவர். எங்களுக்குக் கடல் வாசனையாக வந்தது அவருக்கு வேறாக வந்தது. ஒரு மத்தியானம் சீனியம்மாள் வெந்நீர் கொண்டுபோனபோது அவர் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சீனி, நான் ஒருக்காகூட இவகிட்ட ஊருக்குப் போவமான்னு கேட்டதில்ல. இவளும் சொல்லல. சொல்லாம வச்சதுதான் இது."

"இருந்துட்டுப் போகுது. அதுக்கு இப்ப என்ன?"

"காத்து ஒரு நாள்ல சேராது. எங்கூடச் சிரிச்ச அன்னைக்கும் சேந்திருக்கு, எனக்குச் சோறு போட்ட அன்னைக்கும் சேந்திருக்கு. எங்கூட இருந்த நாள்ல எத்தன நாளு இவ எங்கூட இருந்தா?"

சீனியம்மாள் வெந்நீரை வைத்துவிட்டு வந்துவிட்டாள். செலஸ்தீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பதில் இருந்திருக்கலாம், சொல்ல நாக்கு இல்லை.

அதன் பிறகு அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. அவளுக்கு அசதியாக இருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று எங்களிடம் சொன்னார். பிரஷ் காய்ந்து கிடந்தது. பல்செட் வாயிலேயே இருந்தது. கஞ்சி கொடுத்தார், குளிப்பாட்டினார், தலை பின்னினார், எல்லாம் முன்போலவே. வாயை மட்டும் தொடவில்லை. நல்ல கையான இடது கையால் அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துத் தன் வாய்ப் பக்கம் இழுத்தாள். அவர் புரியாததுபோல் அந்த விரல்களைப் பிரித்து விரிப்பின்மேல் வைத்தார். வெளியே நாங்கள் பெஞ்சில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பழைய நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்தது. அது ஏன் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. அவருடைய வீடு, அவருடைய மனைவி என்று இருந்துவிட்டோம்.

காய்ச்சல் வந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தத்தோடு இருமினாள். ஆம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அங்கே மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டி, ஊசி போட்டு, சளி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். கேள்விப்பட்டு மெஹருன்னிசா டாக்டர் பார்க்க வந்தார். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பால்வண்ணனைத் தனியாகக் கூப்பிடாமல், அவள் கட்டில் அருகிலேயே நின்று சொன்னார்.

"வாயில சேந்த அழுக்குதான் எச்சிலோட நெஞ்சுக்குள்ள போயிருக்குங்கய்யா. படுத்தே இருக்கிறவங்களுக்கு வாயக் கழுவுறது அழகுக்கு இல்ல. மூச்சுக்கு."

"நாந்தான் தேய்க்கல டாக்டரம்மா. மறந்து விடல. கோவத்துல விட்டேன்."

"யார் மேல கோவம்?"

"கடல் மேல."

டாக்டர் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு புதுப் பிரஷை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "கை கழுவிட்டு வாங்க," என்றார்.

அவர் கழுவிவிட்டு வந்து, அவளைச் சாய்த்து, முகத்தைத் திருப்பி, மெல்ல, மெல்ல, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். கண்ணில் நீர் வழிந்தபடியே துடைத்தார். காற்று வந்தது. ஆனால் நூலிழை அசைகிற அளவுக்குத்தான். ஒரு தீக்குச்சியைக்கூட அது அணைத்திருக்காது. அவர் குனிந்து, அவள் காதில், நாற்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"சிறுதாழைக்குப் போவமா?"

அவள் வாய் அகலத் திறந்தது. வார்டில் இருந்த திரைச்சீலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன. நர்சுகள் மேஜைமேல் இருந்த தாள்களைக் கை இரண்டாலும் அமுக்கிக்கொண்டு, ஜன்னலைச் சாத்துங்க, ஜன்னலைச் சாத்துங்க என்று கூவினார்கள். ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன.

அவள் தேறி வீட்டுக்கு வந்த பிறகு, போகிற பேச்சு தெருவுக்குள் வந்தபோது எங்களுக்கு மனசில்லை. அங்கே போய் ஆசை தீர்ந்துவிட்டால் காற்று நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. உடம்பு இன்னும் தேறட்டும் என்றோம். வெயில் தணியட்டும் என்றோம். மழை விழுந்தால் ரோடு குளிர்ந்திருக்கும் என்றோம். நல்லதைச் சொல்கிறவர்கள்போலவே சொன்னோம். சீனியம்மாள் தெரு நடுவில் வந்து நின்று கேட்டாள்.

"அவ வாயி என்ன, நம்ம தெருவுக்கு மாட்டுன ஃபேனா?"

அழகர்சாமி தன் வேனைக் கொடுத்தார், டிரைவரோடு. இனிக் குச்சி காயும் என்ற சந்தோஷம் அவருக்கு இருந்திருக்கும். ஆனாலும் வேன் கிளம்பும்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். சீனியம்மாளும் நாங்கள் சில பேரும் கூடப் போனோம்.

சிறுதாழைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். சக்கர நாற்காலி மணலில் புதைந்தது. அதனால் நாற்காலியோடு அவளைத் தூக்கி, கோயிலைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, ஈரமணல் வரைக்கும் கொண்டுபோய் வைத்தோம். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐஸ் கட்டி உடைக்கிற இடத்திலிருந்து அவள் அண்ணன் தொம்மை வந்தார். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகி, அவரே இப்போது கிழவர். கையில் ஈரச்சாக்கு. அவள் முன்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஏளா, செலஸ்தீ," என்றார். "ஒரு வார்த்த சொல்லியனுப்பிருந்தா நானே வந்து கூட்டிருப்பேனே, ஏளா. அப்பா போனப்பவாவது வருவன்னு ரோட்டயே பாத்துக்கிட்டு நின்னேன்."

அவள் இடது கையைத் தூக்கினாள். அவர் மணலில் முட்டி போட்டு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பால்வண்ணன் நாலடி தள்ளி நின்றார். தொம்மை அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "லாரிக்காரரே, நாற்காலிய இன்னும் கொஞ்சம் முன்னால போடும். அலை காலத் தொடட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அலை வந்து அவள் பாதத்தைத் தொட்டது. பாதிச் சிரிப்புதான் அவள் முகத்தில் வரும், மறு பாதி வேலை செய்யாது. அந்தப் பாதிச் சிரிப்பு நாங்கள் பார்த்த எந்த முழுச் சிரிப்பையும்விடப் பெரிதாக இருந்தது. வாயைத் திறந்தாள். நாங்கள் முந்தானையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டோம். ஒன்றும் வரவில்லை. கடல் தன் காற்றைத் தானே வீசிக்கொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து சாதாரண மூச்சு மட்டும், எங்கள் எல்லாருடைய மூச்சையும்போல, வந்து போயிற்று. சரிதான், முடிந்துவிட்டது என்று எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்குத் தொம்மை வீட்டில் தங்கினோம். அவளுக்கு முள்ளெடுத்து மசித்த மீன் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பால்வண்ணன் சாப்பிடவில்லை. பொழுது விடிந்ததும் எங்களிடம் வந்து, கிளம்புவோம் என்றார்.

"மதினியக் கெளப்பணுமே, அண்ணாச்சி," என்றாள் சீனியம்மாள்.

"அவ இங்க இருக்கட்டும். எங்க இருக்கணும்னு ஏங்குனாளோ அங்க வந்துட்டா. நான் அப்பப்ப வந்து பாத்துக்கிடுதேன்."

அவர் தொம்மையைக் கூப்பிட்டார். முற்றத்தில், கருவாடு காயப்போடுகிற பெண்களுக்கு நடுவே, செலஸ்தீனாவை நாற்காலியில் சாய்த்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பால்வண்ணன் கை கழுவிக்கொண்டார்.

"ஒருக்கா நான் செய்யுதேன், நீங்க பாத்துக்கிடுங்க. நிமித்தித்தான் வைக்கணும். மொகத்த இப்பிடி ஒரு பக்கம். அவசரப்பட்டா வாயத் திறக்க மாட்டா. தாடைய இப்பிடித் தடவிக் குடுத்தாத் திறப்பா. வெரல உள்ள விட்டுறாதீங்க, கடிச்சிருவா, நூலக் கடிச்ச பல்லு. கடவாய்க்குள்ள சோறு ஒதுங்கும், பாக்கணும். பல்செட்டோட தூங்க விட்டுறக் கூடாது. உதட்டுக்கு எண்ணெ..."

மீதியைச் சொல்லாமலே செய்தார். ஒவ்வொரு பல்லையும், ஈறுகளையும், கன்னத்தின் உள்பக்கத்தையும், இனி எப்போது என்று தெரியாதவர் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பதுபோல, இரண்டு தடவை துடைத்தார். உதட்டில் எண்ணெய் தடவினார். பிரஷைக் கழுவித் தொம்மை கையில் கொடுத்தார். போய்ட்டு வாரேன், தாயி என்றார். எங்கள் வேன் தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. அவர் எழுந்து நாலடி நடந்தார்.

அவருடைய முதுகில் வந்து மோதியது அது. சுடுகாற்று. வறண்ட காற்று. கரிசல் காட்டின் மேல்மண்ணைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பருத்திப் பஞ்சு பறக்க, கருவேலங்காய் வாசமும் கம்பங்கதிர்த் தூசியும் டீசலும் கலந்து, உச்சி வெயிலில் எங்கள் ஊர் எப்படிக் காந்துமோ அப்படிக் காந்திக்கொண்டு, செலஸ்தீனாவின் வாயிலிருந்து அது வந்தது. கடல்காற்று அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. கருவாட்டுப் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். ஒருத்தி தலையில் பஞ்சு ஒட்டியது. சீனியம்மாள் அதை எடுத்துப் பார்த்து, அதன் உள்ளே இருந்த விதையை விரலால் நசுக்கிப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பால்வண்ணன் திரும்பினார். அவள் இடது கை, ஆளில்லாத வெளியில், அவர் சட்டை நுனி இருந்த உயரத்தில், எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் ஓடிவந்து மண்டியிட்டு அந்தக் கைக்குத் தன் சட்டையைக் கொடுத்தார். முகத்தை அந்தச் சுடுகாற்றுக்கு நேராக வைத்துக்கொண்டார். புழுதி கண்ணிலும் வாயிலும் அடிக்க அடிக்க, நகரவில்லை.

தொம்மை பிரஷைக் கையில் பிடித்தபடி ஒன்றும் புரியாமல் நின்றார். பல்லில் நறநறத்த மண்ணைத் துப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நாற்பது வருஷத்தில் முதல்தடவையாக, முறை சொல்லிக் கேட்டார்.

"இது எந்த ஊருக் காத்து, மாப்ள?"

"எங்க ஊரு, மச்சான்," என்றார் பால்வண்ணன். "எங்க வீட்டுக் காத்து."

டிரைவர் வேனை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். கருவாட்டுப் பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவள் எழுந்து, ஈரம் சொட்டுகிற சாளை மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, செலஸ்தீனாவின் முன்னால், காற்று நன்றாகப் படும்படி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கய்யா என்று பால்வண்ணனிடம் சொல்லி, பரப்பி வைத்தாள்.